சிபியு சிறுத்த கதை

ரிச்சி தெருவுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே ரேடியோ வந்துவிட்டது. அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் அந்தக் குறுகலான தெருவிலும், ஒட்டியிருக்கும் நரசிங்கபுரம் தெருவிலும் வால்வு, டிரான்சிஸ்டர், கண்டென்சர், ஸ்பீக்கர் என்று சில்லறையாக விற்றார்கள். அப்புறம் டேப் ரெக்கார்டர் சாமான், அப்புறம் டிவி சாமான். சால்டர் வைக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏராளம். எந்தப் பொருளையும் உதிரிகளாகப் பிரித்துப் பார்ப்பது, கெட்டுப்போனதை மட்டும் கழற்றிவிட்டு நல்லதை மாட்டுவது, இதுதான் அந்தத் தெருவின் வழக்கம். சென்னையில் வீட்டுக் கம்ப்யூட்டரின் வரலாறு அந்த வழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நான் திருவல்லிக்கேணியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். பழைய சிபியுவைத் தூக்கிவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது இதற்குப் பெரிய காரணம். ஓடிக்கொண்டிருக்கிற நல்ல கம்ப்யூட்டர்கூட ஒரே நாளில் பழசாகிப்போனது. கேட்கிறவர்களுக்கு மாடல் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பெட்டி எப்படிச் சின்னதாயிற்று, சிறுத்தபோது எதை இழந்தது என்று தெரிந்தால்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நம்புகிறேன்.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. இறக்குமதிக் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. 1991க்குப் பிறகு இன்னும் தளர்ந்தது. எச்.சி.எல்., விப்ரோ, ஜெனித் போன்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் போயின. சம்பளக்காரர் வீட்டுக்கு வந்தது அசெம்பிள் செய்தது. வாடிக்கையாளர் கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும். பிராசஸர், மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், ஃப்ளாப்பி டிரைவ், கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கையால் எழுதியது. அதில் வரிக்கு ஒரு கடை. வாங்கிய சாமான் மீது கடைக்காரர் தேதி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது. சாமானையெல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், குடும்பமே சுற்றி நின்று பார்க்க மாட்டுவோம்.

அந்தக் கால ஏ.டி. கேபினெட்டை மாட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. இன்றைய பெட்டியின் பவர் பட்டன் மதர்போர்டுக்குச் சின்ன சைகை மட்டும்தான் கொடுக்கிறது. ஏ.டி. கேபினெட்டில் அப்படியில்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நாலு வயர் முன்பக்க ஸ்விட்சுக்கு வரும். அதில் ஓடுவது வீட்டு மின்சாரம், 230 வோல்ட். பழுப்பும் நீலமும் உள்ளே வரும் ஜோடி, கறுப்பும் வெள்ளையும் திரும்பிப் போகும் ஜோடி. ஜோடி மாற்றிச் செருகினால் ப்ளக் போட்ட மாத்திரத்தில் வீட்டு ஃப்யூஸ் போய்விடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாய் முதல் நாள் சொன்ன பாடம் அதுதான். வயரைக் கையில் எடுத்தால் பேசக் கூடாது, யாராவது கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அமைப்பைக் கொண்டுவந்தது. அது மெல்ல மெல்ல ரிச்சி தெருவுக்கும் வந்து சேர்ந்தபோது அந்தப் பயம் தொழிலை விட்டுப் போயிற்று.

கேபினெட் அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு நியாயம் உண்டு. மானிட்டருக்குப் படம் அனுப்ப ஒரு கார்டு, ஒலிக்கு ஒரு கார்டு, 1995 ஆகஸ்டில் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு மோடம் என்று இன்னொரு கார்டு. மேலே சி.டி. டிரைவ், கீழே ஃப்ளாப்பி, அதற்கும் கீழே ஹார்டு டிஸ்க். இத்தனையும் உட்கார இடம் வேண்டும். 1999இல் இன்டெல்லின் 810 சிப்செட் வந்தபோது படத்துக்கான கார்டு மதர்போர்டிலேயே கரைந்துவிட்டது. ஒலி அதற்கு முன்பே கரைய ஆரம்பித்திருந்தது. சில வருடங்களில் நெட்வொர்க்கும் போர்டுக்குள் போயிற்று. அதற்கப்புறம் நான் திறந்த வீட்டு கேபினெட்டுகளில் பாதி இடம் வெறும் காற்றுதான். ஆனாலும் பெட்டியின் உயரம் குறையவில்லை. பெரிதாக இருந்தால்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு என்று வாங்குகிறவர் நினைத்தார். விற்கிறவரும் அதை மறுக்கவில்லை. கூடத்தில் கம்ப்யூட்டர் டேபிளுக்கு அடியில் நின்று, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ள அதற்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது.

காலியான அந்த இடத்தை எங்கள் பேட்டையில் தூசி எடுத்துக்கொண்டது. திருவல்லிக்கேணி வீடுகளில் தூசியோடு கடல் காற்றும் வரும். இரண்டும் சேர்ந்து ராமின் தங்க முலாம் பூசிய பற்களில் மங்கலாகப் படியும். ஒரு நாள் ஸ்விட்ச் போட்டால் திரையில் ஒன்றும் வராது, பெட்டி விட்டுவிட்டுக் கத்தும். சிபியுவைப் படுக்க வைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுவேன். ராமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விரலால் நெம்பி எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அந்தப் பற்களை மேலிருந்து கீழாகத் தேய்ப்பேன். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, டக் என்று சத்தம் கேட்கும்படி திரும்ப மாட்டினால் உயிர் வந்துவிடும். அந்த வேலைக்கு உதிரிச் செலவு ஒரு ரூபாய் ரப்பர். பல வீடுகளில் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் ஒரே கம்ப்யூட்டர் ஓடியதற்கு இப்படிப்பட்ட கை வைத்தியம்தான் காரணம். வைத்தியம் பார்க்க மூடி திறக்க வேண்டும், ராம் கையோடு வர வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதும் அதுதான்.

பெரிய பெட்டியின் கடைசிக் காலம் சூட்டோடு கழிந்தது. 2004இல் வந்த பென்டியம் 4 பிரெஸ்காட் பிராசஸர் மட்டுமே எண்பது, நூறு வாட்டுக்கு மேல் சூடு கக்கியது. சித்திரை வெயிலில், ஃபேன் காற்று மட்டும் உள்ள கூடத்தில் அதை ஓட்டுவது பெரும்பாடு. அதே வருடங்களில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் மட்டமான கண்டென்சர் புகுந்துவிட்டது. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து நிற்கும். கம்பெனிகள் போர்டையே மாற்றச் சொன்னார்கள். ரிச்சி தெருவில் ரேடியோ காலத்திலிருந்து இருந்தவர்கள் உப்பியதை உருவிவிட்டுப் புதுக் கண்டென்சர் வைத்துச் சால்டர் போட்டுக் கொடுத்தார்கள். அப்படிப் பிழைத்த போர்டுகள் எத்தனையோ.

சின்னப் பெட்டியின் கதை இதற்குள் வேறு ஊர்களில் தொடங்கியிருந்தது. தைவானின் வியா நிறுவனம் 2001இல் மினி ஐ.டி.எக்ஸ். என்ற போர்டு அளவைக் கொண்டுவந்தது. பதினேழு சென்டிமீட்டர் சதுரம். சூடு குறைந்த அவர்களுடைய பிராசஸருக்காகவே வகுத்த அளவு அது. 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் மினியை மேடையில் காட்டினார். பதினாறரை சென்டிமீட்டர் சதுரம், ஐந்து சென்டிமீட்டர் உயரம், விலை 499 டாலர். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் உங்களுடையதை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். மாற்றுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவரின் மனதைத் தொட்ட யோசனை அது. இருப்பதை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றலாம்.

அந்த மேக் மினியின் மூடியை மட்டும் தொடர்ந்து பார்த்தாலே இந்தத் தொழில் போன திசை தெரியும். முதல் மாடலில் ஸ்க்ரூவே கிடையாது. பெயிண்டர் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை ஓரத்தில் செருகி நெம்பித்தான் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் ராமை மாற்றலாம். 2010 மாடலில் அடிப்பக்க மூடியைக் கையால் திருகினாலே கழன்று வந்தது. வீட்டுக்காரரே ராம் மாட்டிக்கொள்ளலாம். நான் பார்த்த சின்னப் பெட்டிகளில் மனசுக்கு மிகப் பிடித்த மூடி அதுதான். 2014 மாடலில் ராமைப் போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். 2018இல் மறுபடி கழற்ற முடிந்தது. 2020இல் எம் 1 சிப் வந்தபோது ராம் சிப்பின் கூட்டுக்குள்ளேயே போய்விட்டது. வேகத்தில் அது அருமையான கம்ப்யூட்டர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டு ஜிபி வாங்கியவருக்குக் கடைசி வரை எட்டு ஜிபிதான்.

எங்கள் பக்கத்துக்குச் சின்னது வந்தது 2008இல், இன்டெல் ஆட்டம் பிராசஸரோடு. டி945ஜிசிஎல்எஃப் என்ற போர்டு மினி ஐ.டி.எக்ஸ். அளவில் வந்தது. அதில் ஒரு வினோதம். ஃபேன் பிராசஸர் மேல் இருக்காது, பக்கத்துச் சிப்செட் மேல் சுற்றும். பிராசஸருக்கு நாலு வாட் போதும், சிப்செட் அதைப்போல ஐந்து பங்கு குடித்தது. இன்னொன்றையும் அந்தப் போர்டில்தான் பார்த்தேன். பிராசஸரைக் கழற்ற முடியாது, போர்டோடு சால்டர் செய்து வந்தது. ராம் மட்டும் வழக்கம்போல் கழன்றது. வேகம் போதாது என்று பலர் குறை சொன்னார்கள். பில் போடும் கடைகளும் டிடிபி சென்டர்களும் விரும்பி வாங்கின. ஏனென்றால் அது மின்வெட்டுக் காலம்.

2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் இல்லை. வீட்டு யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர் பேட்டரி ஒன்று. பென்டியம் 4க்கும் பழைய குண்டு மானிட்டருக்கும் அது பத்து, பதினைந்து நிமிடம் தாங்கினால் அதிகம். டைப் அடித்ததைச் சேவ் செய்து அணைக்க மட்டும்தான் நேரம் இருக்கும். சின்னப் பெட்டியும் எல்.இ.டி. மானிட்டரும் இருந்த வீட்டில் அதே பேட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. மேஜையில் இடம் மிச்சம், பார்க்க அழகு என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். நம் வீடுகளுக்குச் சின்னப் பெட்டி பொருந்துவது குறைந்த கரண்டுக்காகவும் குறைந்த சூட்டுக்காகவும்தான்.

அதற்கு முந்தின வருடம் வேறொரு அடி விழுந்திருந்தது. 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அசெம்பிள் செய்யும் கடைகள் புது ஆர்டரைத் தள்ளிப்போட்டன. வீடுகளில் என்ன செய்தோம் என்றால், பழைய சிபியுவில் நன்றாக இருந்த டிஸ்க்கைக் கழற்றிப் புதுசில் மாட்டிக் கொடுத்தோம். கழற்ற முடிந்ததால் அந்த வருடத்தைத் தாண்டினோம்.

அதே 2012இல் இன்டெல் என்.யூ.சி.யை அறிவித்தது. போர்டு பத்து சென்டிமீட்டர் சதுரம்தான். ராமும் டிஸ்க்கும் இல்லாமல் வெறும் பெட்டியாகக் கிடைக்கும். அடியில் நாலு ஸ்க்ரூ கழற்றி நாமே மாட்ட வேண்டும். கொட்டேஷன் போட்டுப் பழகிய ரிச்சி தெருவுக்கு அது புரிந்த பாஷை. 2023 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலை விட்டுவிட, ஏசுஸ் எடுத்துக்கொண்டது. அதே 2012 பிப்ரவரியில் வந்த ராஸ்பெர்ரி பை கல்லூரிப் பிள்ளைகளுக்கு அற்புதமான பொருள். முப்பத்தைந்து டாலருக்குக் கம்ப்யூட்டர் என்பது பெரிய சாதனை. ஆனால் வீட்டில் எல்லோரும் தினசரி புழங்கும் கம்ப்யூட்டராக அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டுக்கு உண்மையில் பயன்பட்ட சின்னப் பெட்டி ஆபீஸிலிருந்து வந்தது. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்று 2012 முதல் அடுத்தடுத்து வந்தவை. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உருவம், ஒரு தடிப் புத்தகம் அளவு, உள்ளே ஒரு லிட்டர் கொள்ளும். பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவார்கள். கழித்தது ஏலத்தில் மொத்தமாகப் போய், துடைத்துச் சோதித்து, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வரும். 2020இல் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது பல குடும்பங்களைக் காப்பாற்றியது இந்த வரத்துதான்.

அந்தப் பெட்டிகளை வடிவமைத்தவர்கள் ஆபீஸ் சர்வீஸ் ஆட்களை மனதில் வைத்துச் செய்தார்கள். பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி மேல் தகட்டை முன்னால் தள்ளினால் எல்லாம் கண் முன்னே. ராம் லேப்டாப்பில் போடுவதே. பிராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், முப்பத்தைந்து வாட் வகை. எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு ஒரு ஸ்லாட், பல மாடல்களில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் இடம். எஸ்.எம்.பி.எஸ். இல்லை, வெளியே லேப்டாப் அடாப்டர்தான். எது போனாலும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

எங்கள் பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பெரிய சிபியுவை வெகு காலமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். அது இனி தேறாது என்று ஆனதும் இப்படி ஒன்றை வாங்கி, மானிட்டருக்குப் பின்னால் தாங்கி வைத்து மாட்டிக் கொடுத்தேன். டேபிளுக்கு அடியில் குனிந்து தேடினார்.

“தம்பி, சிபியு எங்க?”

“மானிட்டருக்குப் பின்னாடி இருக்கு டீச்சர்.”

“அப்ப கெட்டுப்போனா எதைத் திறப்பே?”

அதுதான் கேள்வி. கழற்றித் திறந்து காட்டினேன். ராம் இது, டிஸ்க் இது, ஃபேன் இது என்று சொன்னேன். பழைய பெட்டியில் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதால் எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொண்டார். வேலை அதோடு முடியவில்லை. அவருடைய பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும்தான், புதிய பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட், அதற்கு ஒரு கன்வெர்ட்டர் தேவைப்பட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்பதால் வைஃபை கார்டு இல்லை, தனியாக வாங்கி மாட்டினோம். பாட்டு சி.டி.க்களுக்கு யு.எஸ்.பி. டிரைவ் ஒன்று. இதையெல்லாம் முதலிலேயே கணக்குப் போடாவிட்டால், மலிவாகக் கிடைத்தது என்று நினைத்து வாங்கியதற்குப் பின்னால் தனித்தனியாகச் செலவு வரும்.

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்குச் சீனாவிலிருந்து வரும் மினிகள் நிறைய உண்டு. 2023இல் வந்த இன்டெல் என்100 பிராசஸர் ஆறு வாட் வகை. மின் கட்டணம் கட்ட, வீடியோ காலில் பேச, தமிழில் டைப் அடிக்க அது தாராளம். அதே வருடம் ஆகஸ்டில் லேப்டாப், டேப்லெட்டோடு சேர்த்து இந்த மிகச் சின்னக் கம்ப்யூட்டர்களின் இறக்குமதிக்கும் மத்திய அரசு அனுமதி முறையை அறிவித்தது. அந்த அளவுக்கு இது பெரிய சந்தையாகிவிட்டது. இந்த வகையில் சிலவற்றில் ராம் கழன்று வரும், சிலவற்றில் போர்டோடு ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை மளமளவென்று ஏறியது. ராம் கழல்கிற பெட்டி வைத்திருக்கிறவர் இப்போதைக்கு எட்டு ஜிபியோடு ஓட்டிவிட்டு, விலை இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம். ஒட்டியதை வாங்கியவருக்கு அந்த வழியே இல்லை.

ஆகவே, கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. செகண்ட் ஹேண்ட் என்றால் இன்டெல் எட்டாவது தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் எல்லை அதுதான். திங்க்சென்டர் எம்720க்யூ, ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி ஆகியவை அந்தத் தலைமுறை. அடாப்டர் அந்த மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள். பழைய கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் அதன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கிறது. புதிதோ பழையதோ, பணம் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் மூடியைத் திறந்து ராமைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்க முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ரிச்சி தெருவில் அடுத்த கடை இரண்டு அடி தூரத்தில்தான் இருக்கிறது.